மசித்த உருளைக்கிழங்கு வழுவழுப்பாக வராதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பூரிக்கோ மசாலா தோசைக்கோ மசிக்கும் உருளைக்கிழங்கில் அங்கங்கே கட்டி கிடந்தால் யாரும் குறை சொல்வதில்லை. சொல்லப்போனால், அந்தக் கட்டிகள் பல்லில் பட்டால்தான் பலருக்கு மசாலா சாப்பிட்ட நிறைவு வரும். பாலும் வெண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்து, கரண்டியில் எடுத்தால் மெல்லச் சரியும் பதத்தில் மேற்கத்திய முறையில் செய்யப்படும் மசித்த உருளைக்கிழங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. மறைத்துக்கொள்ள வெங்காயமோ மஞ்சளோ பச்சை மிளகாயோ இல்லாததால், கிழங்கு வாங்கியதிலிருந்து பரிமாறியது வரை எங்கே பிசகினாலும் அது நாக்கில் தெரிந்துவிடும். தவறு நேரும் இடமும் அது தென்படும் இடமும் வேறு வேறாக இருப்பது இந்தப் பண்டத்தின் தனிச் சிக்கல். கட்டி தட்டுவது மசிக்கும்போது தெரிகிறது, ஆனால் காரணம் வேகவைத்த தண்ணீரில் இருக்கலாம். பசையாவது கிளறும்போது தெரிகிறது, ஆனால் காரணம் குக்கரின் விசில் எண்ணிக்கையில் இருக்கலாம். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் குறையிலிருந்து தொடங்கி, அது எங்கே பிறந்தது, அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைக் காப்பாற்ற முடியுமா, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று பார்ப்பதே பயன் தரும்.

குறைகளுக்குப் போகுமுன் கிழங்குக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். உருளைக்கிழங்கின் சதை நுண்ணிய செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து மணிகள் நிறைந்திருக்கின்றன. செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது பெக்டின். ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்து மணிகள் செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி ஊதிக் கூழாகின்றன. சூடு அதற்கு மேல் ஏறி, நேரமும் போகப்போக, பெக்டின் கரைந்து செல்கள் தனித்தனியாகப் பிரியத் தொடங்குகின்றன. நன்றாக மசிப்பது என்றால் செல்களை உடைக்காமல் பிரித்தெடுப்பது, அவ்வளவுதான். பிரியாத செல்கள் கட்டியாகின்றன. உடைந்த செல்கள் பசையாகின்றன.

அளவுக்கு ஓர் அடிப்படை வேண்டும். 1 கிலோ கிழங்குக்கு 120 கிராம் வெண்ணெய், 200 முதல் 250 மில்லி வரை 6 சதவீதக் கொழுப்புள்ள பால், தேவையான உப்பு என்பது வீட்டுச் சாப்பாட்டுக்குப் பொருத்தமான கணக்கு. பாரிஸின் ஜாமேன் உணவகத்தில் 1980-களில் இந்தப் பண்டத்தைப் புகழ்பெறச் செய்த சமையல் கலைஞர் ஜோயல் ரொபுஷோன் 1 கிலோவுக்கு 250 கிராம் வெண்ணெய் சேர்க்கும் குறிப்பை வெளியிட்டார். விருந்தன்று அப்படிச் செய்து பார்க்கலாம்; தினசரிச் சாப்பாட்டுக்கு அதில் பாதி போதும் என்பது என் கருத்து.

பசையாகி இழுக்கிறது

கரண்டியை உயர்த்தினால் இழை இழையாக இழுபட்டு, வாயில் வைத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசைபோல் பளபளத்தால், செல்கள் உடைந்து உள்ளிருந்த கூழ் வெளியே வந்துவிட்டது என்று பொருள். நம் வீடுகளில் இதற்கு முதல் காரணம் மிக்சி. வழுவழுப்பாக வேண்டும் என்றவுடன் கை அதைத்தான் தேடுகிறது. ஆனால் மிக்சியின் கத்தி செல்களைப் பிரிப்பதில்லை, வெட்டுகிறது. ஒரே ஒரு சுற்று மட்டும் விட்டு நிறுத்தினாலும் கத்திக்கு அருகில் இருந்த பகுதி பசையாகிவிடும்; அந்தப் பசை மற்ற பகுதியோடு கலந்த பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. கையில் பிடித்து இயக்கும் பிளெண்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. பருப்பு மத்து அவ்வளவு கெடுதல் இல்லை என்றாலும், கீரை கடைவதுபோல் இரு கைகளாலும் விடாமல் கடைந்தால் முடிவு ஒன்றுதான்.

அடுத்த காரணம் மிகையாக வேகவைப்பது. பிரஷர் குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியை எட்டுகிறது. அங்கே ஆறேழு விசில் விட்டு, ஆவி அடங்கும் வரை காத்திருந்து எடுக்கும் கிழங்கில், மத்து படுவதற்கு முன்பே கணிசமான செல்கள் வெடித்திருக்கும். குக்கரில்தான் செய்ய வேண்டும் என்றால், கிழங்கைத் தண்ணீர் இல்லாத உள் பாத்திரத்தில் தோலோடு வைத்து, நடுத்தரக் கிழங்குக்கு மூன்று விசிலோடு நிறுத்திப் பார்க்கலாம். அதைவிட நல்லது இட்லிப் பானை. ஒரே அளவாக வெட்டிய பெரிய துண்டுகளைத் தட்டில் பரப்பி, 20 முதல் 25 நிமிடம் ஆவியில் வைத்தால் கிழங்கு தண்ணீரில் ஊறுவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. இடையில் மூடியைத் திறந்து பார்க்கவும் முடியும்.

பசையாகிவிட்டதை மீண்டும் மசியலாக மாற்ற முடியாது. இன்னும் கொஞ்சம் பால் ஊற்றி இன்னும் கொஞ்சம் அடித்தால் சரியாகும் என்று தோன்றும். அடிக்கும் ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாகும். அதை வேறு பண்டமாக்குவதே வழி. வதக்கிய வெங்காயத்தோடு காய்கறி வேகவைத்த நீரில் கரைத்தால், சோள மாவு சேர்க்காமலே கெட்டியான சூப் கிடைக்கும். பிரெட் தூள் சேர்த்துப் பிசைந்து கட்லெட் தட்டினால் அந்த ஒட்டும் தன்மையே பிணைப்பாகப் பயன்படும். இழுவையே இந்த உணவுக்கு எதிரி என்றும் சொல்லிவிட முடியாது: பிரான்சின் ஓப்ராக் மலைப்பகுதியில் மசித்த உருளைக்கிழங்கில் இளம் பாலாடைக்கட்டியைப் போட்டு அடுப்பின் மேலேயே நீண்ட நேரம் அடித்து, முழ நீளத்துக்கு இழுபடும் அலிகோ என்ற பண்டத்தைச் செய்கிறார்கள். ஆனால் அந்த இழுவையைப் பெரும்பாலும் தருவது பாலாடைக்கட்டி. அது இல்லாத வெறும் மாவுப் பசையை அலிகோ என்று சொல்லிப் பரிமாற முடியாது.

அடுத்த முறைக்குக் கருவியை மாற்ற வேண்டும். மேற்கத்தியச் சமையலறைகளில் இதற்கென்றே, துளையிட்ட கிண்ணத்தில் கிழங்கைப் போட்டு மேலிருந்து அழுத்தும் ஒரு கருவி உண்டு. நம்மிடம் அதைவிட உறுதியான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: முறுக்கு உழக்கு. அதில் தேன்குழல் அச்சைப் போட்டு, சூடான கிழங்கை நிரப்பி, நேராக ஒரே அழுத்தாக அழுத்தினால் செல்கள் தேய்படாமல் பிரிந்து இழைகளாக விழும். ஓமப்பொடி அச்சின் துளை மிகவும் சிறியது. அதன் வழியே தள்ள வேண்டிய விசையே செல்களை உடைக்கப் போதுமானது என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. இன்னும் மென்மை வேண்டுமானால், இழைகளாக விழுந்ததை மாவு சலிக்கும் எஃகுச் சல்லடையில் சிறிது சிறிதாக வைத்து, கரண்டியின் பின்புறத்தால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

கிழங்கின் வகைக்கும் இதில் பங்கு உண்டு. மாவுச்சத்து மிகுந்த கிழங்கின் செல்கள் வெந்ததும் தாமாகவே விலகுகின்றன. நீர்ச்சத்து மிகுந்த கிழங்கின் செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் கூடுதல் விசை கொடுக்க வேண்டியிருக்கிறது, விசை கூடக்கூடப் பசையும் கூடுகிறது. நம் சந்தையில் கிழங்கு வகைப் பெயரால் விற்பதில்லை. ஊட்டிக் கிழங்கு, கோலார்க் கிழங்கு, ஆக்ராக் கிழங்கு என்று ஊர்ப் பெயரால்தான் விற்கிறது. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட குஃப்ரி ஜோதி, குஃப்ரி புக்ராஜ், சிப்ஸ் தயாரிப்புக்கென்றே உருவான குஃப்ரி சிப்சோனா போன்ற வகைகளில் எது தன் கடையில் இருக்கிறது என்று கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது. அதனால் பெயரை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே மேல். 1 லிட்டர் தண்ணீரில் 120 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவிய கிழங்கைப் போடுங்கள்: மூழ்கினால் மாவுச்சத்து மிகுந்தது, மசிக்க ஏற்றது, மிதந்தால் குழம்புக்கும் பொரியலுக்கும் வைத்துக்கொள்ளலாம். விரலால் தேய்த்தால் தோல் உரியும் புதுக் கிழங்கு பெரும்பாலும் மிதக்கும்.

விதிக்கு விலக்கும் இருக்கிறது. ரொபுஷோன் எடுத்துக்கொண்ட ராட் என்ற சிறிய பிரெஞ்சுக் கிழங்கு வெந்தாலும் உதிராத, கெட்டியான சதை கொண்ட வகை. அதைத் தோலோடு வேகவைத்து, கையால் சுழற்றும் மசிப்பானில் இறக்கி, அடுப்பில் ஈரம் போக்கி, கடைசியில் நுண்ணிய சல்லடை வழியாகத் தள்ளியதால் அது பசையாகவில்லை. கிழங்கு கைகொடுக்காத இடத்தைப் பொறுமையான கைவேலை நிரப்பியது. நல்ல கிழங்கு கிடைத்தால் அந்த உழைப்பில் பாதி மிச்சம்.

எந்தக் கிழங்கு கிடைத்தாலும் பசையாகாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு முறை உண்டு; நேரம் பிடிக்கும், ஆனால் நம்பலாம். தோல் சீவிய கிழங்கை ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, 70 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு குளிர்ந்த நீரில் நன்றாக ஆறவிட்டு, அதன்பின் வழக்கம்போல் வேகவைக்க வேண்டும். முதல் சூட்டில் செல்லுக்குள் கூழான மாவுச்சத்து, ஆறும்போது உள்ளேயே இறுகிக்கொள்கிறது. அதன் அமைலோஸ் பகுதி மறுபடி சூடுபட்டாலும் எளிதில் இளகி வெளியேறாது. வெந்நீர் ஊற்றினால் உடனே மசியலாகும் உருளைக்கிழங்குச் சீவல்களைத் தயாரிக்க, பிலடெல்பியாவுக்கு அருகில் இருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகம் 1950-களில் வகுத்த முறையின் அடிப்படையும் இதுவே. சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும். கண்மதிப்பில் 70 டிகிரியை அரை மணி நேரம் பிடித்து வைப்பது கடினம்.

கட்டி கட்டியாக நிற்கிறது

முதலில் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். எளிதில் நசுங்கினால் கிழங்கு வெந்திருக்கிறது, மசித்ததுதான் போதவில்லை. சூடு ஆறுவதற்குள் அனைத்தையும் சல்லடையில் தள்ளினால் போதும். நசுக்க முடியாமல் நறுக்கென்று இருந்தால் அது வேகாத கட்டி. அதைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் அடிபிடிக்குமே தவிர வேகாது. சல்லடையில் தங்கும் கட்டிகளை மட்டும் தனியாக எடுத்து ஆவியில் வேகவைத்துப் பிறகு சேர்ப்பதே முறை.

வேகாத கட்டி எப்படி வந்தது என்பதில் பல வழிகள் உண்டு. துண்டுகள் ஒரே அளவாக இல்லாதது எல்லாருக்கும் தெரிந்த காரணம். கொதிக்கும் தண்ணீரில் கிழங்கைப் போடுவது அவ்வளவாகத் தெரியாத காரணம்: வெளிப்புறம் குழைந்து கரையத் தொடங்கும்போதும் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் உள்ளும் புறமும் ஒன்றாக வேகும். நாலு சென்டிமீட்டர்த் துண்டுகளுக்குக் கொதி வந்தபின் 15 முதல் 20 நிமிடம் ஆகும். கத்தியைச் செருகிப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது. குழம்புக்கு வெந்த கிழங்கிலும் கத்தி இறங்கிவிடும். கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் சிதற வேண்டும்.

பெரும்பாலானோர் சந்தேகிக்காத குற்றவாளி தண்ணீர். போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. கடின நீரிலுள்ள கால்சியம் பெக்டினோடு சேர்ந்து அதை இறுகச் செய்கிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் துண்டின் விளிம்புகள் விறைப்பாகவே நிற்கும். குடிப்பதற்கு வைத்திருக்கும் தண்ணீரில் வேகவைத்தாலே மாற்றம் தெரியும். தண்ணீரில் தொடக்கத்திலேயே உப்புப் போடுவதும் உதவும், ஏனெனில் உப்பிலுள்ள சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பெக்டினைத் தளர்த்துகிறது. பருப்புக்குப் போடுவதுபோல் சமையல் சோடா போட வேண்டாம். கிழங்கு கரைந்துவிடும், சோடாவின் வாடையும் தங்கிவிடும். புளிப்பு இதற்கு நேர் எதிர். எலுமிச்சையோ தயிரோ தக்காளியோ வேகும் தண்ணீரில் இருந்தால் பெக்டின் கரைவது தாமதமாகும். புளித்த கிரீம் போன்றவற்றைச் சேர்க்க விரும்பினால் மசித்து முடித்த பிறகே சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதி வெந்த நிலையில் அடுப்பை அணைத்துவிட்டு, வேறு வேலை முடித்து வந்து மீண்டும் பற்றவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எரிவாயு தீர்ந்து சிலிண்டர் மாற்றும்போதும் இது நேரும். ஏறத்தாழ 55 முதல் 65 டிகிரி வரையிலான இளஞ்சூட்டில் கிழங்கு நீண்ட நேரம் கிடந்தால், அதிலுள்ள ஒரு நொதி பெக்டினைக் கால்சியத்தோடு பிணையத் தயார்ப்படுத்திவிடுகிறது. பிறகு வேகவைத்தாலும் அது முன்போல் எளிதில் குழையாது. முன்பு சொன்ன 70 டிகிரி முறையிலும் இதன் விளைவு ஓரளவு இருப்பதால்தான், அங்கே இரண்டாவது வேக்காட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வெந்த கிழங்கை ஆறவிட்டு மசிப்பதும் கட்டிக்குக் காரணமே. தோலோடு வேகவைத்ததைக் கை பொறுக்கும் வரை காத்திருந்து உரிக்க வேண்டியதில்லை. துணியால் பிடித்துக்கொண்டு உரிக்கலாம்; அல்லது இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி உழக்கில் போட்டு அழுத்தினால் பெரும்பாலும் சதை இறங்கித் தோல் உள்ளேயே தங்கிவிடும்.

நீர்த்துப்போய் ஓடுகிறது

கிழங்கில் தங்கிய தண்ணீர்தான் காரணம். பால் அதிகமாகிவிட்டது என்பது அபூர்வம். சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் கொதிக்கவிட்டால் வெட்டிய பரப்பு முழுவதும் நீரை வாங்கிக்கொள்ளும். அந்த நீர் போகாமல் பாலும் வெண்ணெயும் சேர்த்தால் இரண்டுக்கும் அதில் இடம் இருக்காது. வடித்ததும் கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் திரும்பப் போட்டு, சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் பாத்திரத்தைக் குலுக்கிக்கொண்டே வைத்திருந்தால் ஆவி எழுந்து அடங்கும். துண்டுகளின் மேற்பரப்பு வெளிறி மாவுபோல் உதிரத் தொடங்கும், அடியில் மெல்லிய படலம் ஒன்று படியும். அதுதான் போதும் என்பதற்கான அடையாளம்.

மசித்து, பாலும் சேர்த்த பிறகு நீர்த்திருப்பது தெரிந்தால், வாயகன்ற கனமான பாத்திரத்துக்கு மாற்றிச் சிறு தீயில் வைத்து, அடியிலிருந்து மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருங்கள். அவசரமானால் ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர் கைகொடுக்கும். சோள மாவும் மைதாவும் கூடாது. அவை கெட்டியாக்கும், ஆனால் பச்சை வாடையையும் பசையையும் கூடவே கொண்டுவரும். நான்கில் ஒரு பங்கு கிழங்கைக் கூடுதலாக வேகவைத்து மசித்துச் சேர்ப்பது நேரம் எடுத்தாலும் மிக நல்ல பரிகாரம்.

வறண்டு உதிர்கிறது

பாலையோ வெண்ணெயையோ குறைத்திருக்கிறீர்கள். கொதிக்கும் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிப் புரட்டினால் சரியாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் மாவுச்சத்து இறுகி, பால் தனியாகவும் கிழங்கு தனியாகவும் நிற்கும்.

வெண்ணெய் பிரிந்து எண்ணெய் மிதக்கிறது

ஓரங்களில் மஞ்சள் எண்ணெய் கசிந்து, நடுவே மணல்போல் நொறுங்கித் தெரிந்தால் கொழுப்பும் நீரும் பிரிந்துவிட்டன என்று அறியலாம். வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதம் கொழுப்பும் 16 சதவீதம் நீரும் இருக்கின்றன. மசியலுக்குள் அந்தக் கொழுப்பு நுண்ணிய துளிகளாகச் சிதறி நிற்பதால்தான் நாக்கில் வழுக்குகிறது. அதிகச் சூட்டில் கிளறினாலோ, நீர்ப்பகுதி குறைந்துபோனாலோ, வெண்ணெயை ஒரே நேரத்தில் கொட்டினாலோ துளிகள் ஒன்றுசேர்ந்து வெளியேறுகின்றன. பாத்திரத்தை இறக்கி, கொதிக்கும் பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்றி, வட்டமாகக் கிளறாமல் மடித்து மடித்துப் புரட்டுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு கரண்டிக்குள் மீண்டும் ஒன்றுசேரும்.

அடுத்த முறை, குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்று உருகிக் கலந்தபின் அடுத்தது என்று சேர்த்து, அதன்பின் பாலை ஊற்றுவது பாதுகாப்பான வரிசை. வெண்ணெய்க்குப் பதிலாக நெய் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விடலாம், மணமும் நன்றாக இருக்கும்; ஆனால் நெய்யில் நீரும் பாலின் திடப்பொருளும் இல்லாததால் அது எளிதில் பிரிகிறது, ஆறினால் மணல்போல் உறையவும் செய்கிறது. வழுவழுப்பு வேண்டும் என்றால் வெண்ணெயே அடிப்படையாக இருக்கட்டும், நெய்யை மேலே ஒரு கரண்டி விட்டுக்கொள்ளலாம். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெய் என்றால் நாள்பட்ட புளிப்பு ஏறியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிடுங்கள். அந்தப் புளிப்பு வேறு எதிலும் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது.

சாம்பல் நிறம் படிகிறது

வெட்டிய பச்சைக் கிழங்கு பழுப்பாவது காற்றுபடுவதால். தண்ணீரில் போட்டு வைத்தால் தீர்ந்தது. வெந்து ஆறிய பிறகு சாம்பலும் நீலமும் கலந்த நிறம் படிவது வேறு. கிழங்கிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் இரும்போடு சேர்ந்து, பிறகு காற்றுபட்டுக் கறுப்பதால் அது நேர்கிறது. இரும்புச் சட்டியில் புரட்டினால் கூடும். உடல்நலத்துக்குக் கேடில்லை, ஆனால் நிறத்தைத் திரும்பப் பெற முடியாது. கறுக்கும் கிழங்கு என்று தெரிந்தால், வெந்து முடியும் கடைசி ஐந்து நிமிடத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடலாம். முன்னதாக விட்டால் நிறம் தப்பும், கட்டி தட்டும்.

இனிக்கிறது அல்லது கசக்கிறது

இனிப்பு குளிரால் வருகிறது. ஏறத்தாழ 4 டிகிரிக்கும் குறைந்த குளிரில் நாள்கணக்கில் இருக்கும் கிழங்கு தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. வட மாநிலக் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்து வரும் கிழங்கில் இது உண்டு. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் நேரும். சமைத்தபின் செய்வதற்கு எதுவும் இல்லை. சற்றுக் கூடுதல் மிளகு ஓரளவு மறைக்கும். சமைக்காத கிழங்கை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் போட்டு வைத்தால் இனிப்பு ஓரளவு குறையும்.

கசப்பை மறைக்க முயலக் கூடாது. வெளிச்சம் பட்டுத் தோல் பச்சையான கிழங்கிலும் முளைவிட்ட கிழங்கிலும் சோலனைன் என்ற நஞ்சு சேர்கிறது. வேகவைத்தாலும் அது போகாது. சிறு பச்சைத் திட்டு இருந்தால் ஆழமாகச் சீவி எறியலாம். மசியல் கசந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

சப்பென்று இருக்கிறது

மசித்தபின் மேலே தூவும் உப்பு மாவுச்சத்துக்குள் இறங்குவதில்லை; நாக்கில் முதலில் உப்பாகவும் பிறகு ஒன்றுமில்லாமலும் போகும். வேகவைக்கும் தண்ணீரில் 1 லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்டுத் தொடங்கினால் உள்வரை சுவை இருக்கும். ஆவியில் வேகவைப்பவர்கள் சூடான பாலில் உப்பைக் கரைத்துச் சேர்க்கலாம். கடையில் வாங்கும் வெண்ணெயில் பெரும்பாலும் உப்பு இருப்பதால் கடைசி உப்பை வெண்ணெய்க்குப் பிறகே போட வேண்டும். நான்கைந்து பூண்டுப் பற்களைக் கிழங்கோடு சேர்த்து வேகவைத்து ஒன்றாக மசித்தால் காரம் இல்லாமல் மணம் மட்டும் நிற்கும். பச்சைப் பூண்டை அரைத்துச் சேர்ப்பது இந்தப் பண்டத்தைக் கெடுக்கும் என்பேன். சாதிக்காய் துருவலில் ஒரு சிட்டிகை போதும், இரண்டு சிட்டிகை என்றால் பாயசத்தின் நினைவு வந்துவிடும்.

செய்தபோது நன்றாக இருந்தது, பரிமாறும்போது இறுகிவிட்டது

சூடு குறையக் குறைய, இளகி நின்ற மாவுச்சத்து மீண்டும் ஒன்றுசேர்ந்து இறுகுகிறது, வெண்ணெயும் உறைகிறது. இது பிழையல்ல, கிழங்கின் இயல்பு. ஆகவே இறுதிப் பதத்தை, தட்டில் வேண்டிய பதத்தைவிடச் சற்று இளக்கமாகவே நிறுத்த வேண்டும். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டுமானால், வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் மசியல் பாத்திரத்தை இறக்கி, மேற்பரப்பு காயாதபடி இரண்டு கரண்டி சூடான பாலை அதன்மேல் பரப்பி மூடிவைக்கலாம். பரிமாறும்போது அந்தப் பாலையே உள்ளே புரட்டிவிடலாம்.

பால் சேர்ந்த பண்டம் என்பதால் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிரில் வைத்து மறுநாள் சூடாக்கும்போது நேரடித் தீ வேண்டாம். வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து, ஒரு கப் மசியலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கொதிக்கும் பால் என்ற கணக்கில் ஊற்றி, இளகும் வரை மெல்லப் புரட்டுங்கள். முதல் நாளின் மென்மை முழுவதும் திரும்பாது. விருந்துக்கு முன்கூட்டியே வேலையை முடிக்க விரும்பினால், கிழங்கை அழுத்தி வெண்ணெய் சேர்க்கும் கட்டத்தோடு நிறுத்தி, வெந்நீரின் மேல் ஒரு மணி நேரம் வரை மூடி வைத்திருந்து, விருந்தினர் உட்கார்ந்த பிறகு பாலைக் கொதிக்கவைத்து ஊற்றிக்கொள்ளலாம்.